லோவாவின் பச்சைப் புள்ளி

வெள்ளிக்கிழமை காலை ஸ்டினா கணினியைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பாக இருந்தது. கால்மர் நகராட்சியிலிருந்து வந்த குழந்தைகளின் விவரம் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரே புகார்: எதிர்பார்த்தது ஆம்-இல்லை, வந்தது எழுத்து.

மழலையர் பள்ளிகளுக்கு ஒரு செயலி செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் அது. எந்தக் குழந்தை வந்தது, மாலையில் யார் கூட்டிப்போனார்கள், யாருக்குப் பால் ஆகாது, யாரைப் படம் எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது, எல்லாம் அதில்தான். ஆசிரியைகள் வைத்திருக்கும் டேப்லெட்டில் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி தெரியும். படம் எடுக்கப் பெற்றோர் சம்மதித்திருந்தால் பச்சை, சம்மதிக்கவில்லை என்றால் சிவப்பு. வரிசையில் நிற்கும் எல்லோரும் பச்சையாக இருந்தால் படம் தானாகவே பள்ளியின் இணையப் பக்கத்துக்குப் போய்விடும். ஊரில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். ஒரு சிவப்பு இருந்தாலும் படம் உள்ளேயே நின்றுவிடும்.

நகராட்சியின் பதிவேட்டிலிருந்து விவரங்கள் வந்து நுழையும் வாசலை முதலாளி யோரன் பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தார். அந்த வாசலில் ஒரு காவல் உண்டு. வருவது எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா என்று வகை பார்க்கும். வகை தவறினால் திருப்பி அனுப்பிவிடும். முன்பெல்லாம் நகராட்சியிலிருந்து கணினிக்குப் புரிகிற ஆம்-இல்லையாகவே வரும். அவர்கள் பக்கம் எதையோ புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது அதே பதில் வெறும் சொல்லாக, மேற்கோள் குறிக்குள் உட்கார்ந்துகொண்டு வந்தது. மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காவல் அப்படிப் பார்க்காது.

யோரன் பின்னால் வந்து நின்றார். கையில் பெரிய கேக் பெட்டி. அன்று அவருக்குப் பிறந்த நாள். பிறந்த நாள்காரர்தான் கேக் கொண்டுவர வேண்டும் என்பது அலுவலக வழக்கம்.

"என்ன ஸ்டினா, உன் திரை கிறிஸ்துமஸுக்கு இப்பவே சிவப்புத் துணி கட்டிக்கிச்சா?"

"நகராட்சியிலேருந்து வர்றது எல்லாம் எழுத்தா வருது. நம்ம வாசல் வாங்க மாட்டேங்குது. அவங்களத் திருத்தச் சொல்லலாமா?"

"சொல்லலாமே. ஏப்ரல்ல பதில் போடுவாங்க, 'உங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு." அவரே சிரித்துக்கொண்டார். "நம்ம பக்கமே மாத்திரு. எழுத்தா வந்தா நாமளே ஆம்-இல்லையா ஆக்கி வாங்கிக்கலாம். ஒத்த வரி."

ஸ்டினாவுக்கு இருபது வயது. மேல்நிலைப் பள்ளியை இரண்டாம் ஆண்டிலேயே விட்டுவிட்டாள். பாடம் வராமல் இல்லை. வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டிய நாட்களில் பள்ளிக்குப் போகாமல் துறைமுகத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். அந்த நாட்கள் கூடிக்கூடி, பிறகு எந்த நாளும் போக முடியாமல் ஆகிவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகம் அவளை யோரனிடம் பயிற்சிக்கு அனுப்பியது. யோரன் அவளை எதற்கும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. அதற்காகவே அவள் அவரிடம் தங்கிவிட்டாள்.

பைத்தானில் எதைக் கொடுத்தாலும் அதை ஆம்-இல்லையாக மாற்றித் தருகிற ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லுக்குள் வருகிற எழுத்தைப் போட்டாள். ஒரே வரி. பிறகு சோதனை எழுதினாள். 'ஆம்' என்ற எழுத்தைக் கொடுத்தாள், ஆம் வெளியே வந்தது. சரி. அடுத்த சோதனைக்குப் பெயர் மட்டும் தட்டினாள்: 'இல்லை' என்று வந்தால்.

அப்போது தொலைபேசி அடித்தது. அணில் மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை குனில்லா.

"இங்க வாசல்ல அம்மா அப்பா எல்லாம் நிக்கிறாங்கம்மா. யார் வந்தா, யார் வரலன்னே தெரியல. காகிதத்துல எழுதிட்டிருக்கோம், எங்க பாட்டி காலம் மாதிரி. எப்ப வரும்?"

"இப்ப வந்துரும்," என்றாள் ஸ்டினா.

சமையலறையிலிருந்து யோரன் கத்தினார். "ஸ்டினா! கேக்க வெட்டறேன். நீ வரலன்னா உன் துண்டையும் நான்தான் தின்னணும். என் டாக்டர் உன்னத்தான் திட்டுவார்!"

இன்னும் பத்து நிமிடம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவை. ஆனால் சமையலறையில் எல்லோரும் தட்டோடு நின்றுகொண்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்களிடம் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள் என்று கேட்பது அவளால் ஆகாது. பெயர் மட்டும் இருந்த அந்தச் சோதனையை அழித்தாள். நிரலை யோரனுக்கு அனுப்பினாள்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே விட வேண்டும் என்பது அங்கே விதி. யோரன் ஒரு கையில் முள்கரண்டியோடு, இன்னொரு கையில் போனில் பார்த்தார்.

"ஒத்த வரிதானே. அழகு." கட்டை விரல் படத்தைத் தட்டினார்.

திரையில் சிவப்பு ஒவ்வொன்றாக மறைந்தது. நகராட்சியின் குழந்தைகள் எல்லோரும் புதிதாக உள்ளே நுழைந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். ஸ்டினாவுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பச்சை மேல்பூச்சுள்ள பெரிய துண்டாக யோரன் அவளுக்கு வைத்தார். மேலே இருந்த சர்க்கரை ரோஜாவையும் அவளுக்கே கொடுத்தார்.

அடுத்த வாரம், டிசம்பரின் விளக்குத் திருநாளான லூசியா நாளன்று காலை அவள் அணில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு டேப்லெட் சார்ஜ் ஏறவில்லையாம். ஏழரை மணிக்கும் இருட்டாகத்தான் இருந்தது. கடலிலிருந்து காற்றும் மழைச் சாரலும் அடித்தன. உள்ளே குழந்தைகள் வெள்ளை அங்கிகளும் கூம்புத் தொப்பிகளும் போட்டுக்கொண்டு, பேட்டரி மெழுகுவத்திகளை ஒருவர் மூக்கில் ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். குங்குமப்பூ ரொட்டியின் வாசனை கூடம் முழுக்க இருந்தது.

லோவா அவளைப் பார்த்ததும் வந்துவிட்டாள். ஐந்து வயது. ஸ்டினா வரும்போதெல்லாம் பக்கத்தில் குந்திக்கொண்டு கேள்வி கேட்பவள் அவள்தான்.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"பசி. கரண்ட் சாப்பிடல."

"ஏன் சாப்பிடல? அதுக்கு ரொட்டி புடிக்காதா?"

"வயரு மடங்கிப் போச்சு. இங்க பாரு."

"யாரோ மிதிச்சிருப்பாங்க. நான் இல்ல. மாக்ஸா இருக்கும்."

லோவாவிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது படம் எடுக்க டேப்லெட்டைத் தூக்கினால், யாரும் சொல்லாமலே வரிசையை விட்டு விலகி, படம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அங்கிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணுவாள். ஒருமுறை ஸ்டினாவிடம் சொல்லியிருந்தாள், "நான் படத்துல வர மாட்டேன். எண்ணுறது என் வேலை." எனக்குப் பட்டாணி பிடிக்காது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஏன் என்று ஸ்டினா கேட்கவில்லை. பல பெற்றோர்கள் இந்த ஊரில் அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள், பல காரணங்களுக்காக.

அன்று குனில்லா இல்லை. நகராட்சியில் கூட்டம். ஆசிரியை ஒருத்திக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக மைபிரிட் வந்திருந்தாள். ஓய்வு பெற்ற ஆசிரியை. ஆள் குறையும்போது கூப்பிடுவார்கள், சைக்கிளில் வந்துவிடுவாள். பாட்டெல்லாம் முடிந்து, பெற்றோர்கள் காபி குடிக்கப் பக்கத்து அறைக்குப் போன பிறகு, மைபிரிட் டேப்லெட்டைத் தூக்கினாள்.

"எல்லாரும் நில்லுங்க. தொப்பி நேரா. மாக்ஸ், மூக்க விடு. ஏய் கண்ணு, நீ எங்க போற?"

"நான் படத்துல வர மாட்டேன்," என்றாள் லோவா.

"யாரு சொன்னா?" மைபிரிட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். "இங்க பாரு. லோவா. பச்சை. நீயும் பச்சைதான். அம்மா சரின்னுட்டாங்க போல."

லோவா வந்து திரையைப் பார்த்தாள். புள்ளியின் மேல் விரலை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி வைத்தாள். பிறகு ஸ்டினாவைத் திரும்பிப் பார்த்தாள். டேப்லெட்டைப் பற்றித் தெரிந்தவள் அந்த அறையில் ஸ்டினா ஒருத்திதான்.

"இது நெசமா?"

எல்லோரும் ஸ்டினாவைப் பார்த்தார்கள். வெள்ளை அங்கி போட்ட இருபது குழந்தைகள், மைபிரிட். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஸ்டினாவுக்குத் தோன்றியது. தோன்றியது வாய்வரை வந்து நின்றது. அந்த அம்மாவும் அங்கே இல்லை, எப்போதும் வேலை முடிந்து கடைசியாகத்தான் வருவாள். புள்ளி பச்சையாக இருந்தது. அந்தப் புள்ளியை உருவாக்குகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"பச்சைன்னா பச்சைதான்," என்றாள்.

லோவா ஓடினாள். முதல் வரிசையில், நடுவில், இரண்டு பேரைத் தள்ளிவிட்டு நின்றாள். படத்துக்கு எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பல் மருத்துவரிடம் காட்டுவதைப் போல வாயைத் திறந்துகொண்டாள். மைபிரிட் சிரித்துவிட்டாள். "சிரிக்கணும் கண்ணு, கடிக்கக் கூடாது." எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள், லோவாவும் சிரித்தாள். அதுதான் படமாக வந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் குனில்லா கூப்பிட்டாள். அவள் குரலில் அன்றைய பாட்டி காலக் கேலி எதுவும் இல்லை.

"லூசியா படம். எடுத்துருங்க. இப்பவே. ஏன்னு கேக்காதீங்க."

ஸ்டினா எடுத்துவிட்டாள். அதற்குள் அந்தப் படம் ஊர்க்காரர்களின் இணையக் குழு ஒன்றில், 'இந்த ஆண்டின் அழகான லூசியா' என்று சுற்றிவிட்டிருந்தது. அங்கேயும் எழுதி எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். பகிர்ந்தவர்களின் எண்ணிக்கையை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"எடுத்துட்டேன்."

"லோவாவுக்கு எப்படிப் பச்சை வந்துச்சு?" என்று கேட்டாள் குனில்லா. "அவ எப்பவும் சிவப்பு. நான்தான் சேத்தேன் அவள. எனக்குத் தெரியும்."

"பாத்துட்டுச் சொல்றேன்."

பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. நகராட்சியிலிருந்து லோவாவுக்கு வந்தது 'இல்லை' என்றுதான் இருந்தது. தெளிவாக, மேற்கோள் குறிக்குள். அவள் எழுதிய வரி அதை வாங்கிக்கொண்டு ஆம் என்று வைத்திருந்தது. தனியாக ஒரு திரையைத் திறந்து தட்டிப் பார்த்தாள். 'ஆம்' கொடுத்தாள், ஆம் வந்தது. 'இல்லை' கொடுத்தாள், ஆம் வந்தது. 'வேண்டாம்' கொடுத்தாள். 'தயவுசெய்து வேண்டாம்' கொடுத்தாள். ஆம், ஆம். எழுத்து காலியாக இருந்தால் மட்டும்தான் பைத்தான் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை. எதையாவது எழுதியிருந்தால் போதும்.

இது பாலபாடம். முதல் மாதத்திலேயே படித்திருந்தாள். அந்த இரண்டாவது சோதனையை எழுதியிருந்தால் அரை நொடியில் சிவப்பாக வந்து நின்றிருக்கும்.

யோரனிடம் திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி," என்றார். "சரி. மொதல்ல அடைப்போம்."

இருவரும் சேர்ந்து திருத்தினார்கள். எழுத்தாக வந்தால் 'ஆம்' என்ற சொல் மட்டும் ஆம், 'இல்லை' என்ற சொல் மட்டும் இல்லை, வேறு எது வந்தாலும் வாசலிலேயே நிறுத்து. சோதனைகள் எழுதினார்கள், இந்த முறை ஒரு கட்டு. புள்ளிகள் மறுபடி சிவப்பாயின. நகராட்சி முழுக்க, சம்மதிக்காத பெற்றோர்களின் குழந்தைகள் எல்லோருக்கும். அவர்களில் பலருடைய படங்கள் அந்த வாரம் வெளியே போயிருந்தன. சில பெற்றோர்கள் எரிச்சலோடு எழுதினார்கள். ஒருவர் தன் மகன் கண்ணை மூடியிருக்கும் படமா கிடைத்தது உங்களுக்கு என்று கேட்டிருந்தார்.

லோவாவின் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டார்கள். ஏதாவது தவறினால் இப்படிக் கூடுவது யோரன் கொண்டுவந்த வழக்கம். யார் என்று கேட்கக் கூடாது, எப்படி என்றுதான் கேட்க வேண்டும். வெள்ளைப் பலகையில் அம்புக்குறிகள் போட்டார். நகராட்சி மாற்றியது, வாசல் மறுத்தது, அவசரத் திருத்தம், சோதனை குறைவு, படித்துப் பார்த்தது போதவில்லை.

"நான்தான் எழுதினேன்," என்றாள் ஸ்டினா. கூட்டத்தில் அவள் தானாகப் பேசியது அதுவே முதல் தடவை.

"தெரியும். நான்தான் கட்டை விரலத் தட்டுனேன், வாய் நெறைய கேக்கோட," என்றார் யோரன். "ஆனா இங்க யாரும் யாரையும் சொல்றதில்ல. உன் மேல தப்பு இல்ல, ஸ்டினா. வழிமுறையில ஓட்டை. அத அடைச்சிட்டோம்."

"அந்தக் குழந்தை எங்கிட்ட கேட்டா."

"எந்தக் குழந்தை?"

"பச்சை நெசமான்னு. நான் அங்க நின்னுட்டிருந்தேன். ஆமான்னு சொன்னேன்."

யோரன் பேனாவை மூடினார். திறந்தார். பலகையில் அதற்கு அம்புக்குறி போட இடம் இல்லை. "நீ வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் ரெஸ்ட் எடு," என்றார். அவர் நல்ல மனிதர். நகராட்சிக்கு எழுதிய பதிலில் 'தொழில்நுட்ப விலகல்' என்று போட்டிருந்தார். பெயர் எதுவும் இல்லை. ஸ்டினாவைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார். அவள் அதை மூன்று முறை படித்தாள். அந்த வாக்கியத்தில் மனிதர்களே இல்லை.

கிளம்பும்போது யோரன் சும்மா சொல்லிவைத்தார்: "அந்தப் பள்ளியில, படம் எடுத்தாங்களே, டெம்பரரி டீச்சர். அவங்கள இனிமே கூப்பிட மாட்டாங்களாம். பட்டியலச் சரியாப் பாக்கலன்னு யாரோ சொல்லியிருக்காங்க. பாவம்."

"பாத்தாங்க," என்றாள் ஸ்டினா. "ஒவ்வொரு பேரா விரல வெச்சுப் பாத்தாங்க."

யோரன் அதற்குள் மேலங்கியின் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சனியும் ஞாயிறும் அவள் எங்கும் போகவில்லை. அம்மா கதவைத் தட்டி, காய்ச்சலா என்று கேட்டாள். ஆமாம் என்றாள். ஊர்க்குழுவில் அந்தப் படம் எடுக்கப்பட்ட இடத்தில் 'இந்தப் பதிவு இப்போது இல்லை' என்று வந்ததைத் திறந்து திறந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை மதியம் யாரிடமும் சொல்லாமல் அணில் பள்ளிக்கு நடந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குழந்தைகள் மழையங்கியோடு பின்முற்றத்தில் சேறு வாரிக்கொண்டிருந்தார்கள். குனில்லா குழந்தைகளின் மேலங்கிகள் மாட்டும் கூடத்தில், கையில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள்.

"டேப்லெட்டா? இன்னிக்கு வேணாம்மா. இன்னொரு நாள் வா."

"டேப்லெட் இல்ல." ஸ்டினா ஒப்பித்துக்கொண்டு வந்த வாக்கியம் காணாமல் போயிருந்தது. "மைபிரிட் மேல தப்பு இல்ல. அவங்க பாத்தாங்க. பச்சையாத்தான் இருந்துச்சு. அது நான் பண்ணினது. நான் எழுதின வரி. எழுத்தா வந்த 'இல்லை'ய அது 'ஆம்'னு எடுத்துக்கிச்சு. நான் சோதிச்சுப் பாக்கல. நேரம் இருந்துச்சு, பாக்கல."

அப்போது அலமாரி வரிசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தரையில் உட்கார்ந்து, ஒரு குழந்தையின் மாற்றுத்துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தவள். லோவாவின் அம்மா மரீக்கா. ஸ்டினா அவளைத் தூரத்தில் பார்த்திருக்கிறாள், மாலையில், தலையில் முக்காட்டோடு சைக்கிளில்.

"நீயா?" என்றாள் மரீக்கா.

ஸ்டினா தலையசைத்தாள்.

"நான் எங்க குறி போட்டிருந்தேன்?"

"என்ன?"

"அந்தப் படிவத்துல. எங்க போட்டிருந்தேன்? இந்த ஊருக்கு வந்த மொத வாரம், பஸ்ஸுல வெச்சு போன்லயே நெரப்பினேன். நாலு நாளா யோசிக்கிறேன், எந்தக் கட்டத்துல போட்டேன்னு. கண்ண மூடினா அந்தக் கட்டம்தான் வருது. நான்தான் மாத்திப் போட்டுட்டேனோன்னு."

"நீங்க 'இல்லை'ன்னுதான் போட்டிருந்தீங்க," என்றாள் ஸ்டினா. "நான் பாத்தேன். சரியா இருந்துச்சு. அங்கேருந்து எங்ககிட்ட வர்ற வரைக்கும் 'இல்லை'யாத்தான் இருந்துச்சு."

மரீக்கா குழந்தைகள் உட்காரும் தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால்கள் முகவாய் வரை வந்தன. கொஞ்ச நேரம் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அப்ப நான் இல்ல," என்றாள்.

"இல்ல."

"என் தங்கச்சி போனுக்கு அந்தப் படம் வந்துச்சு, தெரியுமா? அன்னிக்குச் சாயங்காலமே. யாருக்குப் பயந்து ஊர் ஊரா ஓடுறோமோ, அவன் அனுப்பினான். கீழ ஒரே வரி. 'லோவா வளந்துட்டா.'" குரலை உயர்த்தவே இல்லை. "பின்னால ஜன்னல்ல இந்தப் பள்ளியோட பேரு தெரியுது. இது எங்களுக்கு மூணாவது ஊரு. இங்க வந்துதான் அவ வெளக்க அணைச்சுட்டுத் தூங்கக் கத்துக்கிட்டா."

"மன்னிச்சிருங்க."

"வேணாம்." மரீக்கா நிமிர்ந்தாள். "அத எங்கிட்டக் குடுக்காத. கார்ல ரெண்டு பெட்டிக்குத்தான் எடம் இருக்கு. இதையும் நான் தூக்கிட்டுப் போக முடியாது."

குனில்லா ஸ்டினாவின் தோளைத் தொட்டு வாசல் பக்கம் திருப்பினாள். "போதும்மா. நீ கெளம்பு."

"இருங்க," என்றாள் மரீக்கா. "போக வேணாம். எனக்கு வேணாம், ஆனா அவகிட்டச் சொல்லணும். வரிசையில போய் நின்னதாலதான் போறோம்னு அவ நெனச்சிட்டிருக்கா. இல்லடான்னு எத்தன தடவ சொன்னாலும் தலைய ஆட்டிட்டுப் போயி பொம்மைகிட்ட அதையே சொல்றா. நீ சொல்லு. நீதான பச்சைன்னு சொன்னியாமே."

லோவா பின்கதவு வழியாக உள்ளே வந்தாள். மழையங்கியில் மூக்கு வரை சேறு. ஸ்டினாவைப் பார்த்ததும் எப்போதும் போல ஓடிவர ஆரம்பித்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நின்றாள். ஸ்டினா அவள் உயரத்துக்குக் குந்தினாள்.

"லோவா, நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் படம். அது உன்னால இல்ல."

"நான் தள்ளிட்டு முன்னால போனேன்."

"அது பரவாயில்ல. உங்கம்மா சிவப்புன்னுதான் சொல்லியிருந்தாங்க. நான் செஞ்ச வேலை தப்பாப் போயி, அது பச்சையாத் தெரிஞ்சுது. நீ எங்கிட்ட வந்து கேட்ட. நீ சரியாத்தான் கேட்ட. நான் தப்பாச் சொன்னேன்."

லோவா யோசித்தாள். "வேணும்னா?"

"வேணும்னு இல்ல. சரியாப் பாக்காம."

"நான் மாக்ஸோட பூட்ஸுல தண்ணி ஊத்தினேன். அது வேணும்னுதான்," என்றாள் லோவா. பிறகு, "நீ சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"இப்ப நான் சிவப்பா?"

"சிவப்பு."

லோவாவின் முகம் தெளிந்தது. அம்மாவிடம் திரும்பினாள். "அம்மா, சரி பண்ணிட்டாங்களாம். துணியத் திருப்பி அடுக்கிடலாம்."

மரீக்கா அசையவில்லை. பையின் பிடியைக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்டினாவைப் பார்த்தபடி நின்றாள். அவள் உதவிக்கு வரப் போவதில்லை என்பது ஸ்டினாவுக்குப் புரிந்தது. குனில்லா சாவிகளை எண்ணுவதைப் போல விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"போகத்தான் வேணும், லோவா."

"ஏன்? சரியாயிடுச்சுல்ல?"

"படத்த எடுத்துட்டேன். ஆனா அத ஒருத்தர் ஏற்கெனவே பாத்துட்டாரு. பாத்தத எடுக்க எனக்குத் தெரியல."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

லோவா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கையுறையில் ஒட்டியிருந்த சேற்றை ஸ்டினாவின் முழங்காலில் துடைத்தாள், மெதுவாக, இரண்டு பக்கமும். துடைத்து முடித்ததும் அம்மாவின் பக்கம் போய் நின்றுகொண்டாள். மரீக்கா குனிந்து அவள் மழையங்கியைக் கழற்றி, சுருட்டி, பிளாஸ்டிக் பையில் வைத்தாள். உலர்ந்த மேலங்கியைப் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

வாசலில் ஒரு கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஸ்டினா எழுந்தாள். குனில்லா குறுக்கே வந்து நின்றாள்.

"நீ இங்கயே இரு. கார் எந்தப் பக்கம் திரும்புதுன்னு நீ பாக்கக் கூடாது. நானும் பாக்க மாட்டேன்."

ஸ்டினா தாழ்வான பெஞ்சில், கண்ணாடிக் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். எதிரே கொக்கிகளில் மற்றக் குழந்தைகளின் தொப்பிகள் தொங்கின. பின்னால் கதவு திறந்தது, குளிர் உள்ளே வந்தது, மூடியது. காரின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. குனில்லா அலமாரிப் பக்கம் போய், லோவாவின் பெயர் ஒட்டியிருந்த அட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். பசை விடவில்லை. கார் கிளம்பியது. சத்தம் தேயத் தேய, அது எந்தத் திசையில் போகிறது என்று காது தானாகத் தேட ஆரம்பித்தது. ஸ்டினா இரண்டு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.